மோட்டுவளைப் படங்கள்

அத்தியாயம் 3

"பொய் சொல்ற போட்டோவை நீ பார்த்திருக்கியா, ரேடியோ?"

"என் கல்யாண ஆல்பம் முழுக்க அதுதானே, மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று ரேடியோவும் எதிர்பார்க்கவில்லை. ஆறு வருஷமாக அவரிடம் உதவியாளனாக இருக்கிறான். இதுவரை விட்ட ஜோக்குகளை அடுக்கினால் ஒரு மாடியே எழுப்பலாம். ஒன்றுக்காவது அந்த அம்மாளின் உதடு அசைந்ததா என்றால், இல்லை. அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியுமா? வேன் ஓட்டிய காலத்திலேயே அவனுக்கு நிறுத்துகிற பட்டன் கிடையாது என்று சொல்லித்தான் கூட இருந்த டிரைவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள்.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் விசாரணை அதிகாரி. நடக்காத விபத்துக்கு அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வெளியே வந்து, ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் வைத்தார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை. நாலு ரோடு சந்திப்பில், மேம்பாலத்து நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள். மேடம் கையில் போன், போனில் ஒரு படம். பாதசாரிகள் கடக்கிற கோடுகளின் மேல் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைச் சுமந்துகொண்டு போகிறார்கள். கண்ணாடிக்குள் வானம் தெரிகிறது. தெருவுக்கு நடுவே ஒரு துண்டு வானம் நடந்துபோகிற மாதிரி இருந்தது. கீழே ஓரத்தில் '212/365' என்று எண்.

"படம் அட்டகாசமாத்தான் இருக்கு," என்றான் ரேடியோ. "இதுல என்ன மேடம் பொய்?"

"தெரியல. ஆனா எங்கேயோ இடிக்குது."

அந்தப் படத்தைக் காட்டியவள் காலையில் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அம்மா அப்பா இல்லை, இருப்பது ஒரே தங்கை. அந்தத் தங்கை கல்லூரி விடுதியில் தங்கி உயிரியல் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்ல மைக்ராஸ்கோப் லென்ஸ் காணாமப் போயிருக்குங்க," என்றாள் அந்த அக்கா. "அன்னைக்குச் சாவி நோட்டுல கடைசிப் பேர் என் தங்கச்சியோடது. அஞ்சரை மணிக்கு அவ லேப்லருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன்னு லேப் அட்டெண்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. அவதான்னு முடிவாச்சுன்னா காலேஜை விட்டு அனுப்பிடுவாங்க. படிப்பு முடிய இன்னும் ரெண்டே மாசம்."

"அந்த லென்ஸ் அவளுக்கு எதுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"கேமரா வெச்சிருக்கா இல்லீங்களா, அதான் லென்ஸ் மேல கண்ணுன்னு சொல்றாங்க."

"மைக்ராஸ்கோப் லென்ஸைக் கேமராவுல மாட்டுறதும் சைக்கிள் பெல்லை பஸ்ஸுல மாட்டுறதும் ஒண்ணுதாங்க," என்றான் ரேடியோ.

அக்கா அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதிலேயே ரேடியோ அவள் கட்சிக்குப் போய்விட்டான்.

"அஞ்சரைக்கு அவ லேப்லயே இல்லீங்க. நாலு ரோட்டுல படம் எடுத்துக்கிட்டிருந்தா. இதோ பாருங்க, ஆறு மணிக்கு நெட்ல அவ பக்கத்துல போட்டிருக்கா. தினம் ஒரு படம், வருஷம் முழுக்க. ஒரு நாள்கூட விடக்கூடாது, அன்னன்னைக்கு எடுத்ததை அன்னன்னைக்கே போடணும். அதுதான் பந்தயம். வகுப்பு, ரெக்கார்டு நோட்டு, பரீட்சை எல்லாத்துக்கும் நடுவுல இதையும் விடாம செய்றா." போனைக் கைக்குட்டையால் துடைத்தபடி சொன்னாள். "என் ஷிஃப்ட்டுக்கும் அவ நேரத்துக்கும் ஒத்து வராதுங்க, பேசிக்கிறதே குறைவு. வேலை முடிஞ்சு பஸ் ஏறினதும் முதல்ல அந்தப் படத்தைத்தான் பார்ப்பேன். படம் வந்திருந்தா என் புள்ளை நல்லா இருக்கான்னு அர்த்தம். அப்புறம் நிம்மதியா ஜன்னல்ல சாஞ்சு தூங்கிடுவேன்."

மூன்று மணிக்கு லீவு சொல்லிவிட்டு விசாரணைக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, ஷிஃப்ட்டுக்கு ஓடினாள்.

இப்போது நாலு ரோட்டில் மேடம் போனைத் தாழ்த்திவிட்டுத் தரையையே பார்த்தார். ரேடியோவும் பார்த்தான். கோடுகள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. போனில் இருந்த கோடுகளோ தேய்ந்து, பாதி அழிந்து, எங்கே கோடு எங்கே தார் என்று தேட வேண்டியிருந்தது.

பக்கத்தில் நடைபாதையில் ஒருவர் சாவி தேய்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ போய்க் குந்தினான்.

"அண்ணே, இந்தக் கோடு எப்ப அடிச்சாங்க?"

"திங்கக்கிழமை காலையில. ஏன் கேக்கிறீங்க, அந்த வயித்தெரிச்சலை?" சாவிக்காரர் தன் ஸ்டூலைத் தூக்கிக் காட்டினார். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு முழு ஷூ தடம். "காயறதுக்குள்ள ஒரு மகராசன் மிதிச்சுட்டு வந்து, ஷூ லேஸ் கட்ட இதுமேல காலை வெச்சுட்டான். நானும் சுரண்டிப் பார்த்துட்டேன், போகமாட்டேங்குது."

ரேடியோ மெதுவாக எழுந்து வந்தான். திங்கட்கிழமை புதுப் பெயிண்ட். செவ்வாய்க்கிழமை எடுத்ததாகச் சொல்கிற படத்தில் பழைய கோடு. அதாவது அந்தப் படம் செவ்வாய்க்கிழமை எடுத்ததே இல்லை. விசாரணையில் கையில் இருந்த ஒரே சாட்சி இதுதான், இப்போது அதுவும் போயிற்று.

"நம்ம பக்கத்து சாட்சியே நம்ம தலையில கல்லைப் போட்டுடுச்சே மேடம்!"

"படம் பொய் சொல்லல, ரேடியோ. கீழ இருக்கிற நம்பர்தான் பொய் சொல்லுது. வா, விடுதிக்குப் போகலாம்."

*

பெண்கள் விடுதியின் இரண்டாவது மாடி, கடைசி அறை. வார்டன் அம்மா கூடவே வந்து, கதவை அகலத் திறந்து வைத்து, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பகல் இரண்டு மணிக்கே தாழ்வாரம் இருட்டிக் கிடந்தது. அறைக் கதவுக்கு மேலே தாழ்வாரச் சுவரில் ஒரு டியூப் லைட் எரிந்தது.

"இதை ராப்பகலா எரிய விட்டிருக்கீங்களே?" என்று மேடம் கேட்டார்.

"அணைச்சா கண்ணு தெரியாதுங்க. சுவிட்சு கீழ என் ரூம்ல இருக்கு. யாரும் தொடக்கூடாது."

தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த முகம், மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம். எழுந்திருக்க நினைத்தவள் மாதிரி லேசாக அசைந்து, அப்படியே இருந்துவிட்டாள். மேஜையில் ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. ஒரு செல்லின் படம் பாதி வரைந்து, பேர் எழுதாமல் நின்றிருந்தது. அறை முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை.

மேடம் சுற்றி வளைக்கிற ஆளே இல்லை. "இந்தக் கண்ணாடிப் படம் எப்ப எடுத்தே?"

"செவ்வாய்க்கிழமை."

"நாலு ரோட்டுல திங்கக்கிழமையே புதுக் கோடு போட்டாச்சும்மா."

மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகத் திடுக்கிடுவார்கள், அழுவார்கள், எகிறுவார்கள். இந்தப் பெண் எதுவும் செய்யவில்லை.

"மூணு வாரம் முன்னாடி எடுத்தது," என்றாள். "நல்லா இருக்கிற நாள்ல இருபது படம் எடுத்து வெச்சுக்குவேன். முடியாத நாள்ல அதுலருந்து ஒண்ணைப் போட்டுடுவேன். இந்தப் பந்தயத்துல பாதிப் பேர் அப்படித்தான். வெளியே சொல்ல மாட்டாங்க."

"செவ்வாய்க்கிழமை அஞ்சரைக்கு எங்க இருந்தே?"

"இங்கதான். படுத்திருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும் கிரவுண்டுல, ஃபைனல் மேட்ச். விடுதியே காலி."

"லேப் சாவி?"

"மூணு மணிக்கே திருப்பிக் கொடுத்துட்டேன். கையெழுத்துப் போட மறந்துட்டேன்."

"அப்புறம் ஏன்மா பொய் சொன்னே?" என்று ரேடியோ குறுக்கே வந்தான்.

"நான் சொல்லல சார். படத்தைப் பார்த்துட்டு, நாலு ரோட்டுலதானே இருந்தேன்னு காலேஜ்ல அவங்களே கேட்டாங்க. தலையாட்டினேன். வேற என்ன சொல்றது? மூணு மணிலருந்து மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன்னா?" குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்தக் குரல் ரேடியோவுக்கு ரொம்பப் பழக்கமான குரல்.

மேடம் விடவில்லை. "அப்ப செவ்வாய்க்கிழமை நீ படமே எடுக்கலையா?"

"எடுத்தேன். ஒரு நாளும் எடுக்காம விட்டதில்ல. அஞ்சரைக்கு அலாரம் வெச்சிருக்கேன். எழுந்திருக்க முடியாத நாள்ல கேமராவை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு, படுத்தபடியே ஒரு தடவை அமுக்குவேன். போடத்தான் வெக்கமா இருக்கும்."

தலையணைக்கு அடியிலிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தாள். பழைய கேமரா, ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்திருந்தது. மேடம் பட்டனை அழுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு மின்விசிறி, வெள்ளைக் கூரை, கதவுக்கு மேலே வெண்டிலேட்டர். அடுத்ததும் அதே. அதற்கு அடுத்ததும் அதே. நடுநடுவே வெளியே எடுத்தவற்றை விட்டுவிட்டு எண்ணினால், இப்படி நாற்பத்தொன்று.

"தேதியெல்லாம் ஜனவரி ஒண்ணுன்னே காட்டுது?"

"உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. எப்ப ஆன் பண்ணாலும் ஜனவரி ஒண்ணுதான்."

"அப்ப உனக்குத் தினமும் புது வருஷம்!" என்றான் ரேடியோ. பழக்க தோஷம். அவள் அவனை வெறுமனே பார்த்தாள். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே எரிச்சலாக வந்தது.

மேடம் கடைசி மூன்று கூரைப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி நிஜக் கூரையைப் பார்த்தார். "இங்க ஒரு ஈரக் கறை இருந்திருக்கு. இப்ப இல்லையே?"

"மேல் பாத்ரூம்ல குழாய் ஒழுகுச்சு. ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுது. புதன்கிழமை காலையில பிளம்பர் வந்து அடைச்சுட்டு, பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாரு. அந்த வாசனை தாங்காம ரெண்டு நாளும் சாயங்காலம் வெளியே போய்த்தான் படம் எடுத்தேன்."

"ஆமாங்க, பிளம்பர் எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டார்," என்று வார்டன் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். காது கூர்மையான அம்மாள்.

மேடத்தின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது என்று அர்த்தம்.

"பார் ரேடியோ. ஞாயித்துக்கிழமை கறை தட்டு அளவு. திங்கக்கிழமை ஃபேன் வரைக்கும் வந்திருக்கு. கடைசிப் படத்துல ஃபேனைத் தாண்டி சுவர் ஓரத்தையே தொட்டாச்சு. புதன்கிழமை காலையில மேல பெயிண்ட். கேமராவுக்குத் தேதி தெரியாட்டி என்ன, கூரைக்குத் தெரிஞ்சிருக்கு. கிழமை கிடைச்சாச்சு. இனி மணிதான் வேணும்."

ரேடியோ கேமராவை வாங்கினான். கடைசிப் படத்தைப் பார்த்தான், முந்தினதைப் பார்த்தான். கூரையைப் பார்ப்பதில் அவனுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

"மேடம், ஃபேன் நிக்குது."

"என்னது?"

"மத்த நாப்பதுலயும் சுத்துது, வட்டமாக் கலங்கித் தெரியுது. இதுல மட்டும் மூணு இறக்கையும் தனித்தனியாத் தெரியுது."

"அன்னைக்குத் திடீர்னு நின்னுடுச்சு," என்றாள் தங்கை. "வேர்த்துக் கொட்டுச்சு. எழுந்து சுவிட்சைப் பார்க்கலாம்னு நினைச்சேன். எழுந்திருக்கல."

மேடம் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "வெண்டிலேட்டரைப் பார்! மத்த நாப்பதுலயும் டியூப் லைட் வெளிச்சம் தெரியுது. இதுல இருட்டு. ஃபேனை இவ நிறுத்தலாம், அந்த லைட்டை இவளால அணைக்க முடியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அன்னைக்குக் கரண்ட்டே இல்ல. எப்பலேருந்து எப்ப வரைக்கும் இல்லன்னு தெரிஞ்சா போதும். பொண்ணு தப்பிச்சா."

"காட்டாதீங்க," என்றாள் தங்கை.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நாலு மணிக்கு அக்கா வருவா. அவ இதைப் பார்க்கக் கூடாது. லென்ஸை நான்தான் எடுத்தேன்னே சொல்லிடறேன், படிப்பு போனாப் போகட்டும். திருடின்னா அக்கா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவா. இதைப் பார்த்தா, அவ தினமும் பஸ்ல பார்த்துச் சந்தோஷப்பட்டது அத்தனையும் பொய்யின்னு ஆயிடும்."

மேடம் மணி பார்த்தார். இரண்டு நாற்பது. "நான் எலக்ட்ரீஷியனைத் தேடணும். ரேடியோ, நீ பேசு."

"நானா? நான் என்ன மேடம் பேச?"

"ஆறு வருஷமா பேசிக்கிட்டேதானே இருக்கே. ஒரு தடவை உருப்படியாப் பேசு," என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

ரேடியோ வாசல் ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு ஜோக் வந்தது, விழுங்கினான். இன்னொன்று வந்தது, அதையும் விழுங்கினான்.

"எங்க வீட்டு மோட்டுவளையில பதினேழு கட்டை," என்றான் கடைசியில். "எட்டு மாசம் எண்ணினேன். வேன் போச்சு, சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போனா. சரி, அழுகையாவது வரும்னு பார்த்தேன், வரல. பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உடம்பு பூரா. எங்க அண்ணன் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாரு. அந்த ஒரு நேரம் மட்டும் எழுந்து உட்கார்ந்து ஒரு ஜோக் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, தம்பி நல்லா இருக்கான்னு போனை வெச்சுடுவாரு. நான் மறுபடியும் படுத்து எண்ணுவேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

தங்கை முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். "அப்புறம் எப்படி எழுந்தீங்க?"

"மேடம் வேற ஏதோ கேஸுக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்தாங்க. வீடு மாறி உள்ள வந்துட்டாங்க. என்னைப் பார்த்தாங்க, மேலே பார்த்தாங்க. 'பதினேழா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்." ரேடியோ மூக்கை உறிஞ்சினான். "எட்டு மாசத்துல நான் பார்த்துக்கிட்டிருந்ததை இன்னொரு ஆள் பார்த்தது அதுதான் முதல் தடவை. உங்க அக்காகிட்ட சொல்லு, சொல்லாத, அது உன் இஷ்டம். நான் எங்க அண்ணன்கிட்ட சொல்லல. அதுல யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததா எனக்குத் தெரியலம்மா."

அவள் மூன்றே முக்காலுக்கு எழுந்து முகம் கழுவினாள். கேமராவை எடுத்துக்கொண்டாள். எதற்கு எடுத்துக்கொள்கிறாள் என்று கேட்க ரேடியோவுக்குத் தைரியம் இல்லை.

*

முதல்வர் அறை. மேஜைக்குப் பின்னால் முதல்வர், இரண்டு பக்கமும் இரண்டு பேராசிரியர்கள், ஓரமாக லேப் அட்டெண்டர். சுவரோரப் பெஞ்சில் அக்கா, கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும், பயப்படாதே என்று கண்ணாலேயே சொன்னாள்.

மேடம் அட்டெண்டரிடம்தான் முதலில் போனார். "நீங்க இவளைப் பார்த்தது சரியா எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைங்க. மணி பார்த்தேன்."

"லேப் இருக்கிறது தரைக்குக் கீழ. ஜன்னல் கிடையாது. தூரத்துலருந்து முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"டியூப் லைட் எரிஞ்சுதுங்களே. பளிச்சுன்னு தெரிஞ்சுது. மூக்கோரத்துல இருக்கிற மச்சம்கூடத் தெரிஞ்சுது."

"மச்சம்கூட. சரி." மேடம் முதல்வர் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒரு விஷயம். நாலு ரோட்டுப் படம் செவ்வாய்க்கிழமை எடுத்தது இல்ல. மூணு வாரத்துக்கு முந்தினது."

அறையில் சலசலப்பு. அட்டெண்டரின் முகம் மலர்ந்தது. அக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "என்னங்க சொல்றீங்க? நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"செவ்வாய்க்கிழமை எடுத்த நிஜப் படம் உங்க தங்கச்சிகிட்ட இருக்கு," என்றார் மேடம். "காட்டுறதும் காட்டாததும் அவ விருப்பம்."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் அக்காவை மட்டும் பார்த்தாள். ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

அவள் எழுந்து போய்க் கேமராவின் வயரை முதல்வரின் கம்ப்யூட்டரில் செருகினாள்.

பெரிய திரையில் மோட்டுவளை வந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. அவள் கடைசிப் படத்தை மட்டும் காட்டியிருக்கலாம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மேடம் கறையைக் காட்டினார், ஃபேனைக் காட்டினார், வெண்டிலேட்டரைக் காட்டினார். பேராசிரியர்கள் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ரேடியோ திரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. படங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க," என்று மேடம் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, முதல்வரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "மெயின் பெட்டியில ஃபியூஸ் கேரியர் கருகிப்போச்சுங்க. எழுதிக் கேட்டா அனுமதி வர மூணு வாரம் ஆகும். மேட்ச்சுன்னு எல்லாரும் கிரவுண்டுக்குப் போயிட்டாங்க, ஒரு ஈ காக்கா இல்ல. சரின்னு அஞ்சு இருபதுக்கு மெயினை இறக்கி, மாத்திட்டு, அஞ்சு அம்பதுக்கு ஏத்திட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"விடுதிக்கு மட்டும்தானா?"

"இல்லீங்க. விடுதிக்கும் லேபுக்கும் ஒரே லைன்."

மேடம் அவசரமே இல்லாமல் அட்டெண்டரிடம் திரும்பினார்.

"அஞ்சரை மணிக்கு, தரைக்குக் கீழ, ஜன்னல் இல்லாத தாழ்வாரத்துல, கரண்ட் இல்லாம, இவ மூக்கோரத்து மச்சம் தெரிஞ்சுது. நல்ல கண்ணுங்க உங்களுக்கு."

அட்டெண்டர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் திருடலைங்க. காலையில துடைக்கும்போது கை தவறி உடைஞ்சுபோச்சு. அள்ளி மண்ணுல புதைச்சுட்டேன். வேலை போயிடுமேன்னு... நோட்டுல கடைசிப் பேர் இந்தப் பொண்ணோடது. இது எதுக்கும் திருப்பிப் பேசாதுங்க. அதான்..."

முதல்வர் ஏதேதோ சொன்னார். வருத்தம் என்றார், தவறு நடந்துவிட்டது என்றார், தாராளமாகப் படிப்பைத் தொடரலாம் என்றார்.

"சரி சார்," என்றாள் தங்கை. அவ்வளவுதான். தப்பித்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை. வெளியே போனவளின் பின்னாலேயே அக்காவும் போனாள். மேடத்துக்கு நன்றி சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தாழ்வாரத்தின் முனையில் அக்காவின் குரல் ரேடியோவுக்குக் கேட்டது. "ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கிறேன்டி. ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். உன்னை எப்படி விட்டேன்?"

"படமெல்லாம் நல்லா இருந்துச்சு இல்ல. அதான்."

"உன் ரூமைக் காட்டு," என்றாள் அக்கா.

*

கேமரா முதல்வரின் மேஜையிலேயே கிடந்தது. "கொண்டுபோய்க் கொடு," என்றார் மேடம். வார்டன் அம்மா தானே முன்னால் நடந்து கூட்டிப்போனார்.

கதவு திறந்தே இருந்தது. ஒற்றைக் கட்டில். அதில் அக்காவும் தங்கையும் நெருக்கியடித்து மல்லாந்து படுத்திருந்தார்கள். அக்காவின் கழுத்தில் இன்னும் அந்தக் கம்பெனி அட்டை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கையின் முகம் மத்தியானம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ஆனால் அக்கா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

ரேடியோ கேமராவை நீட்டவும் அலாரம் அடிக்கவும் சரியாக இருந்தது.

"இதை எப்படிடி அமுக்குறது?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் அக்கா.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, காலையிலேயே தங்கையின் பக்கத்தில் சேர்ந்திருந்த ரேடியோவின் போன் ஒலித்தது. '215/365.' புதுப் பெயிண்ட் அடித்த வெள்ளைக் கூரை, கலங்கிச் சுற்றும் ஃபேன். படத்தின் ஒரு மூலையில் லென்ஸை மறைத்த ஒரு கட்டை விரல், அக்காவுடையது. அந்தப் பக்கத்தில் வந்த முதல் மோட்டுவளை அதுதான். மேடம் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ரேடியோ போனைப் பையில் போடவில்லை. ஒரு நம்பரை அமுக்கிக் காதில் வைத்தான். மறுமுனையில் எடுத்த உடனேயே சிரிப்புக்குத் தயாரான குரல்.

"சொல்லுடா தம்பி! இன்னைக்கு என்ன ஜோக்?"

"இன்னைக்கு ஜோக் இல்லண்ணே," என்றான் ரேடியோ. "கொஞ்சம் உட்கார்ந்துக்கிறியா?"